மேடையில் நின்றவர்களின் பெயர்கள்



இந்த இதழிலிருந்து நம் பத்திரிகையில் இசைக்கென்று 8 பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். நட்சத்திரப் பேட்டிக்கும் பாடல் வெளியீட்டு விழாப் படங்களுக்கும் அதில் இடமில்லை என்று ஆசிரியர் குழு பேசி முடிவு செய்தது. அவற்றைத் தர வேறு நிறைய இடங்கள் இருக்கின்றன. நாங்கள் எழுத விரும்புவது கச்சேரியை. ஒரு மாலையில், ஓர் ஊரில், ஒரு மேடையில் என்ன நடந்தது, யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள், கேட்க வந்தவர்கள் யார், எந்த இடத்தில் கைதட்டினார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்பதை.

இதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது என்று தோன்றலாம். ஏதாவது ஒரு கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பெயர் இருக்கும். அவர் வாங்கிய பட்டம், கடையின் பெயர், தம்பிகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருப்பார்கள். எட்டாம் திருநாள் இரவு 9 மணிக்கு இன்னிசைக் கச்சேரி என்ற வரிக்குக் கீழே குழுவின் பெயரும் தலைமைப் பாடகரின் பெயரும் வரும். மீதிப் பேரெல்லாம் 'மற்றும் குழுவினர்'. கீபோர்டு வாசித்தவர், ரிதம் பேடில் நள்ளிரவுவரை கை ஓயாமல் தட்டியவர், ஜானகியம்மா பாட்டு ஆறும் எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு நான்கும் பாடிவிட்டு விடியற்காலையில் வேனில் உட்கார்ந்தபடியே தூங்கி ஊர் திரும்பிய பெண், இவர்கள் யார் பெயரும் அந்தக் காகிதத்தில் இல்லை. மறுநாள் நாளிதழில் செய்தி வந்தால் அதிலும் இல்லை. எம்.எல்.ஏ. குத்துவிளக்கேற்றினார் என்று மட்டும் இருக்கும்.

இந்தக் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. தை பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை இவர்களுக்கு ஓய்வில்லை. பிற்பகலில் வேன் வந்து நிற்கும். ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்குபவர்களும் இரவில் தபேலாவுக்கு உட்காருபவர்களும் பல குழுக்களில் ஒரே ஆட்கள்தான். ஊர் மின்சாரம் தாங்காது என்று தெரிந்தால் ஜெனரேட்டருக்குத் தனியாகப் பேச வேண்டும். போலீஸ் அனுமதிக் கடிதம் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பேசிய தொகையில் அட்வான்ஸ் போக மீதி, கடைசிப் பாட்டுக்கு முன்னால் கைக்கு வந்தால்தான் வந்தது. இத்தனையும் தாண்டி மேடையேறினால் முதலில் பிள்ளையார், அடுத்து அம்மன், நாகூர் ஹனிபா பாட்டு ஒன்று, மாதா பாட்டு ஒன்று என்று எல்லோரையும் வணங்கிவிட்டுத்தான் சினிமாப் பாட்டு. எம்.எஸ்.வி. எத்தனை மணிவரை, இளையராஜா எப்போது ஆரம்பம், ரஹ்மானுக்கு எங்கே மாறுவது, அனிருத் பாட்டுக்கு இளவட்டங்கள் எழுந்து ஆடி ஓய்ந்தபின் பெரியவர்களை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்க எந்தப் பாட்டைப் போடுவது, இதெல்லாம் குழுத் தலைவருக்கு அத்துப்படி. கூட்டத்திலிருந்து சீட்டு எழுதி வந்துகொண்டே இருக்கும். இன்னாருக்காக இன்னார் விரும்பிக் கேட்கும் பாடல் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குடும்பக் கதை இருக்கும். அந்தச் சீட்டுகளை யாராவது சேர்த்து வைத்திருந்தால், ஐம்பது வருஷத்தில் ஒரு வட்டாரத்தின் ரசனை எப்படி நகர்ந்தது என்பதை அதிலிருந்தே எழுதிவிடலாம்.

இளையராஜாவும் இப்படி வேனும் ஆர்மோனியமுமாக ஊர் சுற்றியவர்தான். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கிளம்பி, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாசித்தார். 1976இல் அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' வந்தது. அதன் பிறகு அவரும் தம்பி கங்கை அமரனும் அந்த நாட்களை மேடைக்கு மேடை நினைவுகூர்ந்ததால் நமக்கு அந்தப் பயணங்கள் தெரிந்தன. ஜெயித்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சொன்னதால் மிஞ்சிய வரலாறு அது. அதே வருஷங்களில் அதே சாலைகளில் அதே மாதிரி ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய், சினிமாவுக்குள் நுழையாமலே கலைந்துபோன குழுக்கள் எத்தனையோ. அவர்களுக்காகத் திரும்பிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த இரவுகளில் கூட்டத்துக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். இசைப் பத்திரிகையாளரின் முதல் வேலை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரிய பெயர் ஆனபிறகு எழுத நூறு பேர் வருவார்கள். சின்னதாக இருக்கும்போது போய்க் கேட்டு, பெயரோடு எழுதி வைப்பவர்தான் வேண்டும்.

தமிழில் இசை பற்றி எழுதும் பழக்கம் புதிதல்ல, தரத்திலும் அது குறைந்ததல்ல. எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும் அதே சில கீர்த்தனங்களையே கேட்க வேண்டியிருக்கிறதே என்று பாரதியார் 'சங்கீத விஷயம்' கட்டுரையில் நொந்துகொண்டார். கல்கி, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதினார். ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதை வாசிக்க முடிந்தது. பாடகரின் குரலைப் பற்றிச் சொல்வார், பக்கவாத்தியத்தைச் சொல்வார், சபையில் உட்கார்ந்திருந்தவர்களையும் விடமாட்டார். படித்து முடித்தால் நாமும் போய் வந்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் பட்டணத்துக் கச்சேரிக்குப் போக வழியில்லாத எத்தனையோ பேருக்குக் கச்சேரி என்றால் அந்தப் பக்கம்தான்.

சுப்புடு வேறு ரகம். பர்மாவில் வளர்ந்து, உலகப்போர்க் காலத்தில் நடந்தே இந்தியா வந்து சேர்ந்து, டெல்லியில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே ஸ்டேட்ஸ்மன் நாளிதழிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் விமர்சனம் எழுதியவர். வித்வான்கள் அவரைக் கண்டு அஞ்சினார்கள், வாசகர்கள் தேடிப் படித்தார்கள். அவருடைய காது கூர்மையானது, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய கேலியில் பாட்டைத் தாண்டிப் போய் ஆளைக் குத்தியவையும் உண்டு. அந்த வரிகளை நான் ரசித்ததில்லை. எங்கள் பக்கங்களில் கல்கியின் வழியையே பின்பற்றச் சொல்லியிருக்கிறேன்.

இந்த எழுத்தெல்லாம் பெரும்பாலும் சபாவின் வாசற்படியோடு நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1943இல் தமிழிசைச் சங்கம் தொடங்கிய நாட்களில், மேடையில் எந்த மொழியில் பாடுவது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வாதாடின. நல்ல வாதம், வேண்டிய வாதம். ஆனால் வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடப்பட்ட கானாவுக்கும், ஊருக்கு வெளியே ஒலித்த பறைக்கும் விமர்சனப் பத்தியில் இடம் தரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாகஸ்வரக்காரர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பி.எம். சுந்தரம் 'மங்கல இசை மன்னர்கள்' நூலுக்காக நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்திருக்காவிட்டால், அவர்களில் பலர் இன்று ஊர்ப்பெயராக மட்டுமே மிஞ்சியிருப்பார்கள். திரையிசையில் வாமனன் 'திரை இசை அலைகள்' தொகுதிகளில் செய்ததும் அப்படிப்பட்ட வேலை. இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். கலைஞர் உயிரோடு வாசித்துக்கொண்டிருந்த நாளிலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தால், பின்னால் வருபவர் இத்தனை அலைய வேண்டியதில்லை.

அப்படி எழுதி வைத்த ஊர் ஒன்று இருக்கிறது. நம் ஊரில்லை, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில். எங்கள் குழுவில் இந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது, அதனால் உங்களிடமும் சொல்கிறேன். 1979இல் அங்கே 'தி ராக்கெட்' என்ற பத்திரிகை தொடங்கியது. இலவசப் பத்திரிகை. இசைத்தட்டுக் கடைகளிலும் காபிக் கடைகளிலும் அடுக்கி வைத்திருப்பார்கள், வேண்டியவர் எடுத்துப் போகலாம். நியூயார்க்கிலிருந்தும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்தும் கிளம்பும் பெரிய குழுக்கள் சுற்றுப்பயணத்தில் பலமுறை எட்டிப் பார்க்காத ஊர் அது. ராக்கெட் அதற்காகக் கவலைப்படவில்லை. உள்ளூர்ப் பையன்கள் சின்ன மதுக்கூடங்களில் வாசித்ததைப் போய்க் கேட்டு எழுதியது. பின்பக்கங்களில் வரி விளம்பரங்கள் இருக்கும்: டிரம்மர் தேவை, கிட்டார் விற்பனைக்கு. தம் குழுவுக்கு டிரம்மர் வேண்டும் என்று அங்கே விளம்பரம் கொடுத்தவர்களில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனும் ஒருவர்.

பக்கத்து ஊரான ஒலிம்பியாவில் 1980இல் புரூஸ் பேவிட் என்ற மாணவர் ஒரு கையடக்க இதழ் நடத்தினார். அதன் பெயர் பின்னர் 'சப் பாப்' என்று சுருங்கியது. பிறகு ராக்கெட்டில் அதே பெயரில் பத்தி எழுதினார். பிறகு ஜோனதன் போன்மனோடு சேர்ந்து அதே பெயரில் இசைத்தட்டு நிறுவனம் ஆரம்பித்தார். ஊர் ஊராக இருந்த சின்னக் குழுக்களைப் பற்றி எழுதி எழுதி, எழுத்து போதாமல் அவர்களுடைய இசையையே வெளியிடத் தொடங்கியவர். நிர்வாணா குழுவின் முதல் ஆல்பமான 'ப்ளீச்' 1989 ஜூனில் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. அதன் ஒலிப்பதிவுக்கு ஆன செலவு 606 டாலர்.

அதே ஆண்டு சப் பாப் ஒரு காரியம் செய்தது. லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'மெலடி மேக்கர்' வார இதழின் எவரெட் ட்ரூவைத் தன் செலவில் சியாட்டிலுக்கு வரவழைத்தது. அவர் கேட்டார், மயங்கினார், எழுதினார். பிரிட்டன் முழுக்க அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவர் எழுதியதில் பொய்யில்லை, ஆர்வம் உண்மையானது. ஆனாலும் விமான டிக்கெட் யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. உடனே உலகத்துப் பத்திரிகையாளர்கள் எல்லோரும் சியாட்டிலுக்குப் படையெடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர், அந்த ஊர் இசை இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனிச் சொற்கள் என்னென்ன என்று விசாரித்தார். சப் பாப் அலுவலகத்தில் முன்பு வரவேற்பாளராக இருந்த மேகன் ஜாஸ்பர், வாயில் வந்ததையெல்லாம் சொற்களாக அந்த நிமிஷமே புனைந்து சொன்னார். அத்தனையும் நாட்டின் பெரிய நாளிதழ்களில் ஒன்றில் அகராதிபோல அச்சாகி வந்துவிட்டது. ஒருவரும் அப்படிப் பேசியதே இல்லை என்பது பிறகுதான் வெளியானது.

ராக்கெட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்களை இப்படி ஏமாற்றியிருக்க முடியாது. அவர்களுக்கு அந்தப் பையன்களின் பேச்சு தெரியும், வீட்டு வாடகை தெரியும், எந்த கிட்டார் எந்தக் கடையில் அடகில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். 1986 முதல் அந்தப் பத்திரிகையை நடத்திய சார்ல்ஸ் ஆர். கிராஸ்தான் பின்னாளில் கோபேனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்தப் புத்தகத்தின் கனம் அத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்ததால் வந்தது. ராக்கெட் 2000இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்கள் இல்லாமல் இன்று அந்த ஊர் இசையின் வரலாற்றை யாரும் எழுத முடியாது. இந்தியாவிலும் 1993இல் அமித் சைகல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' கொண்டுவந்தார். பம்பாயிலிருந்தோ டெல்லியிலிருந்தோ அல்ல, அலகாபாத்திலிருந்து. நாடு முழுக்கக் கல்லூரி விழாக்களில் வாசித்துக்கொண்டிருந்த குழுக்கள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டது அந்தப் பக்கங்களில்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சி, இசையை ஒருங்கிணைத்தவர் டென்மா. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது. 19 பேர் மேடையேறினார்கள். சாவு ஊர்வலத்தில் மட்டுமே கேட்டுப் பழகிய சட்டியும் கட்ட மோளமும், கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் மேடைக்கு நடுவே வந்து நின்றன. ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அரக்கோணத்திலிருந்து வந்த பாடகர் அறிவும் அந்த 19 பேரில் ஒருவர்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளியாகி, சில வாரங்களில் உலகம் முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அறிவும் பாடகி தீயும் பாடியது, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வரிகளில் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறை: நிலமில்லாமல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள். மலையகத்தின் வியர்வை ஒரு பாப் பாட்டில் இப்படி ஏறி உட்கார்ந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டை வந்தது. தீயும், ஈழத் தமிழ் வேர்கொண்ட கனடாப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் அதில் இருந்தார்கள். இருவரும் அட்டைக்குத் தகுதியான கலைஞர்கள். ஆனால் அவர்களை அறிமுகப்படுத்தச் சொன்ன பாடல்கள் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி'. இரண்டிலும் அறிவின் எழுத்து இருக்கிறது. அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், மறுபடியும் அறிவு மறைக்கப்படுகிறாரே என்று. ஆயிரக்கணக்கானோர் கூடச் சேர்ந்து கேட்டார்கள். சில நாட்களில் அதே பத்திரிகை அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. அதைப் பற்றி அவர் எழுதினார், தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்று நான் இங்கே பஞ்சாயத்து செய்ய வரவில்லை. மூவருடைய உழைப்பும் அந்தப் பாட்டில் கேட்கிறது.

என் அக்கறை பத்திரிகைக்காரர்களின் மேசையைப் பற்றியது. ஒரு பாட்டு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அப்படி ஓர் அட்டை தயாராகியிருக்காது. கீழ்ப்பாக்கத்து இரவில் கூட்டத்தில் நின்றவர்களுக்கு அறிவு யார் என்று மூன்று வருஷம் முன்பே தெரியும். ஊர் மேடையிலிருந்து உலக மேடைக்குப் பாட்டு போகும் வழியில்தான் பெயர்கள் உதிர்கின்றன. கடைசியில் அட்டை போடுபவரின் கைக்கு வரும்போது பளபளப்பான இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சுகின்றன. முதல் நாளே 19 பெயரையும் அச்சில் ஏற்றி வைத்தால், பின்னால் வருபவர்கள் தப்பு செய்வது கஷ்டமாகிவிடும்.

பணத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 2024 மார்ச்சில், 'என்ஜாய் எஞ்சாமி' வெளியாகி மூன்று ஆண்டு நிறைந்தபோது, அதிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். பல கோடி முறை கேட்கப்பட்ட பாட்டு. எத்தனை கோடிப் பார்வை என்று வாராவாரம் செய்தி போட்ட நாம், அந்தப் பார்வைகளுக்கான காசு எந்த வழியாக யாருக்குப் போகிறது என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதும் இசைச் செய்திதான்.

பெரிய சுற்றுப்பயணக் கச்சேரிகளுக்கும் இதே கண் வேண்டும். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒரு மாலைக்கு ஆயிரக்கணக்கானோர் வரப்போகிறார்கள் என்றால், எத்தனை வாசல், எத்தனை கழிப்பறை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தின வாரமே கேட்க வேண்டியவர்கள் நாம். எட் ஷீரன் போன்றவர்கள் சென்னைக்கே வந்து பாடும் காலம் இது. கச்சேரி எப்படி இருந்தது என்பதோடு, கேட்கப் போனவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதும் எங்கள் பக்கத்தில் இருக்கும்.

எங்கள் நிருபர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எங்களைக் கணக்குக் கேட்க வசதியாக. டிக்கெட் உள்ள கச்சேரிக்குப் பத்திரிகைக் காசில் டிக்கெட் வாங்கிப் போவோம். வேறு யாராவது பயணச்செலவு ஏற்றிருந்தால் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்வோம். சவுண்ட் செக்குக்கே போய்விடுவோம், ஏனென்றால் ஒரு குழு எப்படிப்பட்டது என்பது ஆள் இல்லாத மைதானத்தில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில் தெரிந்துவிடும். மேடையில் நின்ற ஒவ்வொருவரின் பெயரும், ஒலியமைப்பில் உட்கார்ந்திருந்தவர் பெயரும் வரும். பெயரை அவர்களிடமே கேட்டு, அவர்கள் எழுதுகிறபடி எழுதுவோம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று மதிப்பெண் போட மாட்டோம். சுருதி விலகினால் விலகியது என்று எழுதுவோம். முதல்முறை மேடையேறிய பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்லும் விதம் வேறு, முப்பது வருஷம் மேடை கண்டவரிடம் சொல்லும் விதம் வேறு.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்களிடம் எனக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழ்ப் பொப் இசைக்கு ஒரு பெரிய காலம் இருந்தது. நித்தி கனகரத்தினம் பாடினார், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டி நம் தெருக்களிலும் ஒலித்தது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அந்த மேடைகளில் அவர்களுக்குப் பின்னால் கிட்டாரும் கொங்கோவும் வாசித்தவர்களில் பலர் இன்று டொரன்டோவிலும் லண்டனிலும் மெல்பர்னிலும் தாத்தாக்களாக இருப்பார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். மலேசியாவில் யோகி பி நட்சத்திரா குழு 2006இல் 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தபோது, கோலாலம்பூரில் அவர்களைச் சுற்றி ராப் பாடிக்கொண்டிருந்த மற்றப் பையன்கள் யார்? அவர்களோடு படித்தவர்கள், பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பீர்கள்.

ஊரில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கச்சேரியை எழுதி அனுப்புங்கள். நையாண்டி மேளமோ, சர்ச் கொயரோ, கல்லூரி ராக் குழுவோ, கல்யாண நாகஸ்வரமோ, எதுவானாலும் சரி. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது, மனம் நிறைந்தது. அவரிடம் கற்றவர்கள் இப்போது எந்தெந்த ஊரில் யார் யாருக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சங்கீதம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் கேட்டதையும் பார்த்ததையும் எழுதுங்கள், ராகப் பெயர்களையும் தாளக் கணக்கையும் சரிபார்க்க எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுரை 600 சொற்களுக்குள் இருந்தால் நல்லது. படம் எடுத்தவர் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். எழுதியவருக்கும் படம் எடுத்தவருக்கும் சன்மானம் தனித்தனியாக வரும்.

இசைப் பக்கங்கள் இந்த இதழின் நடுவில் தொடங்குகின்றன. முதல் கட்டுரையை எங்கள் நிருபர் ஒரு மெல்லிசைக் குழுவின் வேனில் இரண்டு இரவு கூடவே பயணம் செய்து எழுதியிருக்கிறார். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்